நாற்பது நாட்களைச் சுருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரானிய நாட்டுப்புறக் கதைகளைச் சிறுவர் பக்கங்களுக்குச் சுருக்குபவர்கள் முதலில் கைவைப்பது எண்ணிக்கையில்தான். கதை உடைவதும் அங்கேதான்.

'பொறுமைக் கல்' கதையில், இறந்தவனே உனக்கு வாய்த்தவன் என்று ஒரு குரல் சிறுமிக்குச் சொல்கிறது. விதி அவளை ஆளில்லாத மாளிகைக்குள் அடைக்கிறது. உடலெங்கும் ஊசி தைத்த இளவரசன் அங்கே கிடக்கிறான். நாற்பது நாள் அவள் ஊசிகளைப் பிடுங்குகிறாள். கடைசி ஊசிக்கு முன் அவள் கண்ணயர, அவள் துணைக்கு வைத்துக்கொண்ட பணிப்பெண் அதை எடுத்து, கண்விழித்தவனை மணந்துகொள்கிறாள். "பல நாள் பாடுபட்டாள்" என்று எழுதினால் இந்தத் துரோகத்தின் கனம் எப்படித் தெரியும்?

பிறகு அந்தச் சிறுமி தன் துயரத்தை முதலிலிருந்து, சொல்லும் துயரத்தையெல்லாம் கேட்டுத் தாங்கும் பொறுமைக் கல்லிடம் சொல்வதை, கூறியது கூறல் என்று நீக்கிவிடுகிறார்கள். அது தவறு. மறைந்து நிற்கும் இளவரசன் உண்மையை அறிவது அந்தப் புலம்பலால்தான். "நீ வெடிப்பாயா, நான் வெடிக்கட்டுமா?" என்று அவள் கல்லைக் கேட்கும் கேள்வி திரும்பத் திரும்ப வரவேண்டும், அப்போதுதான் கல் பிளப்பது நம்மை உலுக்கும்.

ஈரானியக் காப்பியமான ஷாநாமாவிலும் மாயத்துக்கு முறை உண்டு. வீரன் சால், தன்னை வளர்த்த மாயப் பறவையான சிமுர்க் கொடுத்த இறகை எரித்தால்தான் அது வரும். சாலின் மனைவி ருதாபாவின் பிரசவத்துக்கு அது சொல்லும் வழி: மதுவால் மயக்கி, விலாவைக் கீறிக் குழந்தையை எடுத்து, தைத்து, பாலும் கஸ்தூரியும் சேர்த்து அரைத்த மூலிகையைப் பூசுவது. அதை "மகன் ருஸ்தம் மந்திரத்தால் பிறந்தான்" என்று முடிப்பது அநியாயம். இடம் போதாவிட்டால் வருணனையைக் குறையுங்கள்; இந்தப் படிகளில் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்