ஹேக் நகருக்கு ஒரு முறை போய் வா

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டுவலி பழையபடிதான். உன் பெரியமாமா நீ பல் வைத்தியம் பார்க்கும் வீடியோக்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டுகிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் ஊருக்கெல்லாம் பேசுகிற நீ, வீட்டுப் போனை எடுப்பதில்லை.

ராட்டர்டாமில் இருந்துகொண்டு ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு இன்னும் போகாமல் இருக்கிறாயே. ரயிலில் அரை மணி நேரப் பயணம். டச்சு ஓவியர் யான் ஸ்டேன் 1651-இல் வரைந்த பல் பிடுங்குபவரின் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. நம் கூடத்தில் தொங்கிய அதன் அச்சுப்படத்தைப் பார்த்துச் சின்ன வயதில் பயந்து அழுவாய். நாற்காலியோடு கட்டிப்போட்ட பையன் வலியில் துடிக்கிறான். வைத்தியர் பகட்டாக உடுத்தி அவன் வாயில் கைவைத்து நிற்கிறார். முத்திரை தொங்கும் சான்றிதழ் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. அந்தக் காலத்தில் சந்தையிலும் திருவிழாவிலும் வைத்தியம் இப்படித்தான் நடந்தது. கூட்டம் சேர்ந்தால்தான் மருந்து விற்கும். சுற்றி நிற்கும் சிறுபிள்ளைகள்கூட வேடிக்கைதான் பார்க்கிறார்கள். அந்தப் பையனின் வலி அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

லைடன் நகரத்து ஓவியர் லூகாஸ் 1523-இலேயே இது போன்ற ஒரு காட்சியைச் செப்புத்தகட்டில் செதுக்கிவிட்டார். அதில் வைத்தியன் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நிற்கும் பெண் நோயாளியின் பணப்பைக்குள் கைவிடுகிறாள். வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவனால் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா?

உன்னை அந்தச் சந்தை வைத்தியர்களோடு சேர்த்துப் பேசுவதாக நினைக்காதே. நீ முறையாகப் படித்தவன். மரத்துப்போக ஊசி போடாமல் ஒரு பல்லையும் தொடமாட்டாய். உன் கைராசியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

மொரிட்ஸ்ஹவுஸில் ரெம்பிராண்ட் 1632-இல் வரைந்த, பிணத்தை அறுத்துக் காட்டும் டாக்டர் துல்பின் உடற்கூறு வகுப்பு ஓவியமும் இருக்கிறது. அறுவை மருத்துவர் சங்கத்துக்காக வரைந்தது. மேசையில் கிடப்பவன் தூக்கிலிடப்பட்ட திருடன். ஒருவர் கையில் இருக்கும் தாளில் மருத்துவர்களின் பெயர்கள் உண்டு. கிடப்பவனின் பெயர் இல்லை. உன்னை இப்படிக் கிடத்திப் படம் வரையலாமா என்று அவனிடம் யார் கேட்டிருப்பார்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். ஹேக் நகருக்குப் போய் வா. ஸ்டேன் படத்தின் முன்னால் அவசரப்படாமல் நில். வைத்தியரைப் பார்க்காதே, நாற்காலியில் இருப்பவனைப் பார்.

போன மாத வீடியோவில் ஒரு வயதான அம்மாள் வந்தார். பல்செட்டைக் கழற்றியதும் முகத்தைத் திருப்பிக் கையால் வாயை மூடிக்கொண்டார். நீ சிரித்தபடி அந்தக் கையை விலக்கினாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அவரிடம் கேட்டுத்தான் அதை வெளியிட்டாயா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இதற்கு மட்டும் பதில் சொல்.

அன்புடன்,
அப்பா