கம்பிமேல் ஏறிவிட்டாள், காதர்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள காதர்,

என் பெண் ஆதிரா நேற்று கிப் போட்டுவிட்டாள்!

கிப் என்றால் என்ன என்று கேட்பாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் வழக்கமான விசாரிப்பை முடித்துவிடுகிறேன். நாங்கள் நலம். கவிதாவுக்கு இந்த மாதமும் இரவுப் பணிதான் அதிகம். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனால் தேக்காவுக்குப் போகலாமா என்று கேட்டால் வலி எங்கே போகிறதென்றே தெரியாது. சீனு மறுபடியும் வேலை மாறிவிட்டான், நீ சொன்ன மாதிரியே. உம்மா எப்படி இருக்கிறார்? பெர்த்தில் குளிர் விட்டதா? நீ போட்ட இரண்டு மெசேஜுக்கும் பதில் போடவில்லைதான். அதற்குச் சேர்த்துத்தான் இன்றைக்கு இத்தனை நீளம்.

சரி, கிப். பெண்பிள்ளைகளின் ஜிம்னாஸ்டிக்ஸில் இரட்டைக் கம்பி ஒன்று உண்டு. கீழ்க்கம்பி 170 சென்டிமீட்டர் உயரம், மேல்கம்பி 250. கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் தரையில் படாமல் உடம்பை முன்னால் வீச வேண்டும். உடம்பு முழுசாக நீண்டு நிற்கிற அந்த நேரத்தில் இரண்டு பாதத்தையும் சடக்கென்று கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். பின்னால் திரும்பும் வீச்சில் கம்பி கணுக்காலில் தொடங்கி, முட்டி, தொடை என்று உரசிக்கொண்டே இடுப்புக்கு வர வேண்டும். "கால்சட்டையை மேலே இழு, இழு" என்று கோச் கத்துவார். கடைசியில் மணிக்கட்டைக் கம்பிக்கு மேலே புரட்டிவிட்டால் கை நேராக, இடுப்பு கம்பியில் படிந்து, மேலே நிற்கலாம். மொத்தமே இரண்டு நொடி இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இது வராவிட்டால் கம்பியில் அடுத்த கட்டத்துக்குப் போகவே முடியாது. கூடச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள், இவள் மட்டும் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தாள்.

கைபலம் இருந்தால் ஏறிவிடலாம் என்று நினைக்காதே. தெக்கோங்கில் ராணுவப் பயிற்சியில் நாம் தொங்கிய கம்பி வேறு. (நீ தொங்கினாய். நான் ஏறினேன். சார்ஜன்ட் இன்னும் உன் முதல் புல்-அப்புக்காக எண்ணக் காத்திருக்கிறார்.) இப்போது ஐபிபிடியில், அதான் அந்த ராணுவ உடற்தகுதிச் சோதனையில், அந்தக் கம்பியே கிடையாது தெரியுமா? 2015-லிருந்து புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான். உன் சாபம் பலித்துவிட்டது, என்ன, உனக்குப் பிரயோஜனமில்லாத காலத்தில் பலித்தது. இந்தக் கிப்பில் பலத்தைவிட நேரம்தான் முக்கியம். பாதம் கம்பிக்கு வருவது இம்மி தாமதித்தாலும் வீச்சு செத்துவிடும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வராது.

வருடத் தொடக்கத்தில் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அப்புறம் இந்தப் பெண் வளர ஆரம்பித்தாள். சீருடைப் பாவாடை முட்டிக்கு மேலே போய்விட்டது. நமக்குச் சந்தோஷம், அவளுக்கு அதுவே வினை. கம்பியின் உயரம் மாறவில்லை, கால் நீண்டுவிட்டது. முன்னால் வீசும்போது பாதம் மெத்தையில் இடிக்கிறது. காலை அகல விரித்து வீசு என்று கோச் மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். பழகிய கணக்கெல்லாம் தப்பி, திரும்ப அடியிலிருந்து ஆரம்பம்.

அதே சமயத்தில் பீமிலும் ஒன்று போய்விட்டது. பீம் பார்த்திருக்கிறாய் அல்லவா, டிவியில்? 5 மீட்டர் நீளம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம், அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். அதன்மேல் நின்று பின்னால் வளைந்து, கையை ஊன்றி, கால் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேலே வந்து இறங்கும். பேக் வாக்ஓவர் என்பார்கள். போன வருடமே சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கையைத் தூக்கினாள், நின்றாள், இறக்கினாள். மறுபடி தூக்கினாள், இறக்கினாள். விழவில்லை, அடிபடவில்லை, யாரும் திட்டவில்லை. சும்மா நின்றுபோய்விட்டாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நான் போன்னு சொல்றேன், உடம்பு போக மாட்டேங்குது" என்றாள். பத்து வயதுப் பிள்ளை, காதர். நான் என்ன சொல்வேன்? "நாசி லெமாக் வாங்கிட்டுப் போலாமா?" என்றேன்.

என்னைத் தொந்தரவு செய்தது இதுதான். ஏழாம் வாய்ப்பாடு படித்தால் படித்ததுதான், சைக்கிள் கற்றால் கற்றதுதான் என்றுதான் நாம் வளர்ந்தோம். இங்கே ஒன்று வரும், ஒரு வருடம் கையில் இருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தால் காணாமல் போயிருக்கும். லிஃப்ட் நின்றால் எனக்கு மேலே ஏறிப் பார்க்கத் தெரியும். கதவா, கேபிளா, கன்ட்ரோல் போர்டா, ஏதோ ஒன்று இருக்கும். இவளுக்கு எதைத் திறந்து பார்ப்பது? கோச் அலட்டிக்கொள்ளவே இல்லை. வளர்கிற வயதில் இது நடக்கும் என்று சொல்லிவிட்டு, தரையில் போட்ட கோட்டில் செய்ய வைத்தார். அப்புறம் தாழ்வான பீமில். அப்புறம் உயரமான பீமுக்கு இரண்டு பக்கமும் மெத்தையை அடுக்கிவைத்து. வாரக்கணக்கில் ஒவ்வொரு மெத்தையாக எடுக்கிறார். இன்னும் கொஞ்சம் மெத்தை மிச்சம் இருக்கிறது.

சிமோன் பைல்ஸுக்கே இப்படி ஆனதை நீ படித்திருப்பாய். 2021-ல், டோக்கியோவில், குழுப் போட்டியில் வால்ட்டில் (ஓடிவந்து மேஜைமேல் கையூன்றித் தாவுவது) பறந்தவருக்கு அந்தரத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்றே பிடிபடவில்லை. இரண்டரை சுற்று சுற்ற வேண்டியதை ஒன்றரையில் முடித்து இறங்கி, விலகிவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பீமுக்கு மட்டும் வந்து வெண்கலம் வாங்கினார். 2024-ல் பாரிஸில் மூன்று தங்கம். இதை ஆதிராவிடம் சொன்னேன். "அவங்க சிமோன் பைல்ஸ், அப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

எனக்குப் பிடித்தவர் வேறு ஒருவர். ஒக்ஸானா சுசோவிதினா, உஸ்பெகிஸ்தான்காரர், 1975-ல் பிறந்தவர். நம் செட்டுக்குக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். 1992 பார்சிலோனாவில் தொடங்கி எட்டு ஒலிம்பிக். 2002-ல் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு ஜெர்மனி போனார். வால்ட் ஓடி ஓடிச் சம்பாதித்துச் செலவு பார்த்தார். ஜெர்மனிக்காக ஆடி 2008-ல் பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கியபோது வயது 33. பையன் பிழைத்துக்கொண்டான். டோக்கியோவில் 46 வயதில் குதித்தார்டா! ஆளில்லாத அரங்கில் மற்ற வீராங்கனைகளும் அதிகாரிகளும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரவு ஷிஃப்டில் அழைப்பு வராத நேரம் பார்த்து அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உனக்கும் எனக்கும் குனிந்து ஷூ லேஸ் கட்டவே மூச்சு வாங்குகிறது.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவள் இடது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். அம்மா பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டார். உள்ளங்கையில், நடுவிரலுக்குக் கீழே, தோல் வட்டமாகப் பிய்ந்து தொங்குகிறது. உள்ளே ரோஜா நிறத்தில் சதை, சுற்றிலும் ரேகைக்குள் வெள்ளையாக, கை வழுக்காமலிருக்கத் தடவும் சாக் பொடி. "பொம்பளப் புள்ள கையா இது? குட்டிக்கரணம் போட்டு நாளைக்கு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று ஆரம்பித்து, என்னைப் பெற்றதுவரை போய் நின்றார். ஆதிரா அசரவில்லை. குழாயில் கழுவினாள், பல்லைக் கடித்துக்கொண்டு சோப்பும் போட்டாள், தொங்கிய தோலைக் குட்டிக் கத்தரியால் தானே வெட்டினாள், மருந்து தடவி ஒட்டிக்கொண்டாள். எல்லாம் ஜிம்மில் பெரிய அக்காக்கள் சொல்லிக்கொடுத்தது. அன்று இரவிலிருந்து அம்மா ஒரு வேலை எடுத்துக்கொண்டார். பேத்தி தூங்கிய பிறகு அவள் கையில் தேங்காய் எண்ணெய் தடவுவது. காலையில் பயிற்சிக்குப் போனால் கம்பி வழுக்குகிறது! இதற்கு ஒரு பஞ்சாயத்து வைத்து, பயிற்சிக்கு முந்தின இரவு எண்ணெய் கூடாது என்று தீர்ப்பானது. அம்மா இப்போது காலண்டரைப் பார்த்துத்தான் தடவுகிறார்.

ஜிம்மில் பெற்றோர் உட்காரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு வரிசை. அங்கே டிஎஸ்ஏ பேச்சுத்தான், திறமையை வைத்து உயர்நிலைப்பள்ளியில் நேரடியாக இடம் வாங்குவது. எந்த உயர்நிலைப்பள்ளி ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளை எடுக்கும், எந்தப் போட்டிச் சான்றிதழுக்கு மதிப்பு என்று ஒரு அம்மா எக்செல் ஷீட்டே வைத்திருக்கிறார். எனக்கும் அனுப்பியிருக்கிறார், நான் இன்னும் திறக்கவில்லை. (கவிதா திறந்து பார்த்துவிட்டாள்.) அந்தப் பெஞ்சில் நான் உட்கார்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. அமெரிக்க அணியின் மருத்துவனாக இருந்த ஒருவன் பல வருடம் சிறு பெண்களைச் சீரழித்து, 2018-ல்தான் தண்டனை வாங்கினான். பைல்ஸும் அதில் பாதிக்கப்பட்டவர். அதைப் படித்த பிறகு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே பார்க்கக்கூடிய இடமாகத் தேடித்தான் சேர்த்தேன். கோச் நல்லவர், எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் உட்கார்வேன்.

நேற்றைக்கு என்ன நடந்தது என்றால், ஒன்றுமே பெரிதாக நடக்கவில்லை. வரிசையில் நின்றாள், கையில் சாக் பொடி தடவினாள், வீசினாள், மேலே நின்றாள். மேலே போனது அவளுக்கே புரியாமல் கீழே கோச்சைப் பார்த்தாள். கோச் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றதில் எக்செல் ஷீட் அம்மாவின் கோப்பி கொட்டிவிட்டது. அந்த அம்மா கோபிக்கவில்லை, அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் வகுப்பு முடியும்வரை ஆதிரா முயன்றதில் ஒன்றுகூட வரவில்லை. பரோட்டாக் கடையில் உட்கார்ந்ததும் முதல் பேச்சு, "கை மடங்கிடுச்சுப்பா, அது நல்ல கிப் இல்ல". இவள் கவிதாவின் மகள்தான், என் மகள் இல்லை.

இப்போது விஷயம். வாரத்துக்கு இரண்டு நாள் போதாது, நாலு நாள் வரட்டும் என்று கோச் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் தொடக்கநிலை ஐந்து, அதற்கடுத்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. கணக்கு டியூஷனை எந்த நாளுக்கு நகர்த்துவது என்று கவிதா ஏற்கனவே கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படிப்பைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. நீயும் நானும் என்ன மார்க் வாங்கினோம் என்று பொன்னுசாமி சாருக்குத் தெரியும். எனக்குப் பயம் மணிக்கட்டு. ஜூன் மாதம் வலிக்கிறது என்றாள், எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முனையில் வளர்கிற பகுதி இந்த வயதில் இன்னும் மூடியிருக்காது, கையை ஊன்றி ஊன்றி முழு எடையையும் அதில் போட்டால் அது நொந்துபோகும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். சில வாரம் கை ஊன்றக் கூடாது என்றார். பயிற்சியை விடவில்லை அவள், காலுக்கும் வயிற்றுக்கும் உள்ளதை மட்டும் செய்தாள். வலி போய்விட்டது. நாலு நாள் என்றால் திரும்ப வருமா? மூன்று நாள் என்று பேரம் பேசலாமா என்று யோசிக்கிறேன். கவிதா நாலுக்குச் சம்மதம் என்கிறாள், அம்மா பூஜ்யம் என்கிறார்.

2010-ல் டெல்லி காமன்வெல்த்தில் பீமில் வெள்ளி வாங்கி, 2012-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன நம் ஊர்ப் பெண் லிம் ஹீம் வெய் ஞாபகமிருக்கிறதா? சிங்கப்பூரிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன முதல் ஜிம்னாஸ்ட். கவிதா அவர் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள். ஆதிரா அதை எடுத்துவிட்டு அங்கே தன் டைம்டேபிளை ஒட்டினாள். ஒலிம்பிக் எல்லாம் அவள் பேசுவதே இல்லை. அந்த மெத்தை எல்லாம் போய், பீமில் பழையபடி பின்னால் வளைய வேண்டும், அதுதான் அவளுக்கு. அது முடிந்ததும் என்ன என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. உன் பையன் நீச்சலை விட்டானே, விடுகிறேன் என்று முதலில் சொன்னது அவனா, நீயா? அதற்கு முன்னால் ஏதாவது தெரிந்ததா உனக்கு? வீட்டில் பேச்சுக் குறைந்ததா, சாப்பாடு குறைந்ததா, எது? ஃபோனில் கேட்டால் நீ ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

டிசம்பரில் வருவதாக இருந்தால் தேதியைச் சீக்கிரம் சொல், வருடக் கடைசியில் லீவு கிடைப்பது கஷ்டம். நசீமாவிடம் அம்மா அந்தக் கோலமாவு டப்பாவைப் பற்றிக் கேட்கச் சொன்னார், அவருக்குப் புரியுமாம். உம்மாவுக்கு என் சலாம்.

அன்புடன்,
செல்வம்