குளிரை விட்டு ஏன் இறங்கி வரவில்லை?

அன்புள்ள நடராஜா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மாற்றல் வாங்கி மதுரைக்கே வந்துவிட்டாள் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருப்பதும் நல்ல சேதி. இங்கே எல்லோரும் சுகம்.

ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கும் யாகுட்ஸ்க் நகரம் பற்றி நான் எழுதியதற்கு, "அந்தக் குளிரில் அங்குள்ளவர்கள் எதற்குக் கிடந்து அவதிப்பட வேண்டும், தெற்கே வந்துவிடலாமே?" என்று கேட்டிருந்தாய். அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அங்குள்ள சகா மக்கள் தெற்கிலிருந்து போனவர்கள்தான், தெரியுமா? பைக்கால் ஏரிப் பக்கமிருந்து குதிரையும் மாடுமாக லேனா ஆற்றோடு வடக்கே போனவர்கள். பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. எவென்கி, எவென் என்ற பழங்குடிகள் கலைமான் மேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பூமியில், இவர்கள் மாட்டை விடாமல் பிழைத்தார்கள். சாணமும் களிமண்ணும் பூசிய மரவீட்டில் பனிக்காலம் முழுக்க மாட்டைக் கட்டிக் காப்பாற்றினார்கள். குதிரைக்கு அதுவும் வேண்டாம். குட்டையான, அடர்ந்த மயிருள்ள அந்தக் குதிரைகள் வெட்டவெளியிலேயே நின்று, குளம்பால் பனியைக் கிளறிப் புல் தின்னும்.

யாகுட்ஸ்க்கில் ஜனவரி சராசரி மைனஸ் 38 டிகிரியை ஒட்டி. ஜூலையிலோ 20 டிகிரி. சில நாள் 35ஐயும் தாண்டும். கடல் வெகுதூரம். பனிக்காலத்தில் வானம் தெளிந்தே கிடப்பதால் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்குகளில் தேங்கிவிடும். கிழக்கே ஓய்மியாகோனில் 1933இல் மைனஸ் 67.7 பதிவானது இப்படித்தான்.

எனக்கு அதைவிட வியப்பு, மழை. பனியையும் சேர்த்தே ஆண்டுக்குச் சுமார் 240 மில்லிமீட்டர்தான். அந்தக் கணக்குக்கு அது பொட்டலாகக் கிடக்க வேண்டும். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் லார்ச் என்ற ஊசியிலை மரக் காடு! காரணம், அடியில் இருக்கும் உறைநிலம், அதாவது ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண். கோடையில் மேலே ஒன்றிரண்டு மீட்டர்தான் இளகும். உருகிய நீரைக் கீழே இறங்க விடாமல், ஏரியின் அடிக்களிமண் போல அந்த உறைநிலம் பிடித்துவைத்துக்கொள்ளும். 1828இல் ஷெர்கின் என்ற வணிக நிறுவன அலுவலர் யாகுட்ஸ்க்கில் தண்ணீருக்காகக் கிணறு தோண்ட ஆரம்பித்தார். 1837 வரை தோண்டி 116 மீட்டர் இறங்கியும் மண் உறைந்தேதான் இருந்தது. பிறகு மிடன்டார்ஃப் என்ற அறிவியலாளர் அதில் வெப்பநிலையை அளந்தார். உறைநில ஆய்வுக்கே அது அடித்தளமாயிற்று.

அங்கங்கே மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி முன்னொரு காலத்தில் உருகி, நிலம் அமிழ்ந்து, நடுவில் ஏரியும் சுற்றிப் புல்வெளியுமாக ஆன இடங்கள் உண்டு. அலாஸ் என்பார்கள். சகாக்களின் வைக்கோல், ஊர், வாழ்வு எல்லாம் அதைச் சுற்றித்தான். இலையுதிர்காலத்தில் ஏரிப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து அடுக்கிவைத்து, குளிர்காலம் முழுக்க உருக்கிக் குடிக்கிறார்கள். கோடைக்கு வேண்டிய பனிக்கட்டியையும் இறைச்சியையும் நிலவறையில் வைக்கிறார்கள். உறைநிலமே அதைக் கெடாமல் காக்கும். ஆக, நடராஜா, நாம் பார்த்துப் பயப்படும் அந்த உறைந்த மண்தான் அவர்களுக்குத் தண்ணீரும் காடும் களஞ்சியமும்.

அதனால்தான் இப்போது நடப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. 2020 ஜூன் 20ஆம் தேதி வெர்கோயான்ஸ்க்கில் 38 டிகிரி. மைனஸ் 67.8 வரை போன ஊர் அது! அடுத்த ஆண்டுக் காட்டுத்தீயின் புகை வட துருவம் வரை போயிற்று. அந்தப் பக்கத்துச் சுராப்சா என்ற ஊரில் பழைய விமான ஓடுதளம் மேடும் பள்ளமுமான சதுப்பாகிவிட்டது. யாகுட்ஸ்க் கட்டடங்களில் பெரும்பாலானவை உறைந்த மண்ணில் ஊன்றிய தூண்கள்மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு தரைக்குப் போய்விடக்கூடாது என்று அடியில் காற்றோட்டம் விட்டுக் கட்டியவை. அவ்வளவு கவனமாகக் கட்டியும் மண்ணே இளகினால் யார் என்ன செய்ய முடியும்? புதிய அலாஸ் உண்டாகுமே என்று கேட்பாய். நல்ல புல்வெளியாக அது தேற நூற்றாண்டுகள் ஆகும். இன்று அமிழ்வது வைக்கோல் அறுக்கும் நிலமும் வீட்டுத் தோட்டமும்.

சரி, கை வலிக்கிறது. கலைமான் மேய்க்கும் எவென்களைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். மகள் வீடு பார்த்தாளா என்று எழுது.

அன்புடன்,
சிதம்பரம்