ரோமில் இரண்டு வாக்குகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்வதேச உணவுத் தரம் என்றாலே 'விஞ்ஞானிகள் நிர்ணயித்தது' என்று செய்திகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2012 ஜூலையில் ரோமில் கூடியபோது நடந்தது வேறு. பன்றி, மாடுகளில் கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் ராக்டோபமைன் என்ற மருந்துக்கு எச்ச வரம்பு, அதாவது இறைச்சியில் எவ்வளவு தங்கியிருக்கலாம் என்ற உச்ச அளவு, வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. ஆதரவு 69, எதிர்ப்பு 67, நடுநிலை 7. இறைச்சியில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், ஈரலில் 40, சிறுநீரகத்தில் 90.

இதற்கு அடிப்படையான ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆறே ஆண்கள். 5 முதல் 40 மில்லிகிராம் வரை மருந்து கொடுத்து அவர்களின் இதயச் செயல்பாட்டை அளந்தார்கள். ஒருவர் படபடப்பால் பாதியில் விலகினார். பாதிப்பு காட்டாத அளவு உடல் எடையில் கிலோவுக்கு 67 மைக்ரோகிராம். அதைப் பாதுகாப்புக்காக 50ஆல் வகுத்து, கிடைத்த 1.34ஐ 1 ஆக்கியது, கோடெக்ஸுக்கு அறிவியல் ஆலோசனை தரும் ஜெக்ஃபா நிபுணர் குழு. 60 கிலோ எடையுள்ளவர் தினமும் 60 மைக்ரோகிராம் வரை உட்கொள்ளலாம். இந்த ஆறு பேரை வைத்து வரம்பு நிர்ணயிக்க முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் சொன்னது. அது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் இவ்வகை மருந்துகளை 1996 முதலே தடை செய்திருந்த ஐரோப்பாவின் எதிர்ப்பு முழுக்க அறிவியல் என்றும் சொல்லிவிட முடியாது.

என் பார்வையில் பெரிய ஓட்டை வேறிடத்தில். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் இறைச்சி, 100 கிராம் ஈரல், 50 கிராம் சிறுநீரகம், 50 கிராம் கொழுப்பு உண்பதாக வைத்துத்தான் ஜெக்ஃபா இந்த வரம்பைக் கணக்கிட்டது. குடலுக்கும் நுரையீரலுக்கும் அதில் இடமில்லை. இரண்டையும் விரும்பி உண்ணும் சீனா, சொந்தமாக எச்ச ஆய்வு நடத்தித் தரவுகளோடு போனது. 2010இல் குழு அவற்றைப் பரிசீலித்தும் வரம்பை மாற்றவில்லை. ஆனாலும் கேள்வி பதிவாயிற்று. நம் கறிக்கடைகளில் குடலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) எவ்வளவு விற்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உணவுப் பாதுகாப்பு விதிகள் பற்றிய உலக வர்த்தக அமைப்பின் எஸ்.பி.எஸ். ஒப்பந்தப்படி, கோடெக்ஸ் வரம்பைவிடக் கடுமையாக விதிக்கும் நாடு அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். ஏற்றுமதி நாடுகளான அமெரிக்காவும் பிரேசிலும் கனடாவும் வாக்கெடுப்பில் இவ்வளவு முனைந்தது அதனால்தான்.

இந்தியாவின் கோடெக்ஸ் தொடர்பு மையம், நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.தான். ஒவ்வொரு எச்ச வரம்பும் விவாதத்துக்கு வரும் முன்பே, நம் மக்கள் எந்த உறுப்பை எத்தனை கிராம் உண்கிறார்கள் என்ற கணக்கை அது ஜெக்ஃபாவுக்கு அனுப்பியதா என்று உங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உணவு வேதியியல் ஆசிரியர், கோவை