தறிப்பட்டறைக்குக் கூரை மாற்ற வேண்டும், கை கொடுங்கள்

வணக்கமுங்க.

சென்னிமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறவர்களுக்கும், திருப்பூர், கோவை, பெங்களூர், துபாய் என்று பிழைக்கப் போய்விட்டுத் தேருக்கும் நோம்பிக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறோம். விஷயம் பணம்தான், சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தறி ஓடாமல் பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய விசைத்தறிப் பட்டறையை, படம் வரைகிறவர்களும் கதை சொல்கிறவர்களும் பாடுகிறவர்களும் வந்து உட்கார்ந்து வேலை செய்கிற பொதுக்கூடமாக மாற்றப் போகிறோம். மொத்தச் செலவு 6,40,000 ரூபாய். குழுவில் இருப்பவர்கள் போட்டதும், தெரிந்தவர்களிடம் வாங்கியதுமாகக் கையில் இருப்பது 1,12,500. மீதி 5,27,500 ரூபாய்க்குத்தான் இந்தக் கடிதம்.

ஊரில் ஆயிரம் வேலை கிடக்க இது எதற்கு என்று சிலர் நேரிலேயே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காலையில் போனை எடுத்தால் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வரிசையாக வந்து கிடக்கிறது, அதற்குக் கீழே எங்கோ நடந்த வெட்டுக்குத்து வீடியோ, அதற்கும் கீழே பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று எந்த ஊர் என்றே தெரியாத ஒரு வதந்தி. பக்கத்துத் தெருவில் நேற்று ஒரு நல்ல காரியம் நடந்திருந்தால் அது மட்டும் நமக்கு வந்து சேர்வதில்லை. கெட்டதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நல்லதைத் தேடிப் போய்க் கேட்டு, பார்க்கிற மாதிரி படிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்க இங்கே ஆள் இல்லை. அந்த ஆட்களை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறோம். வெள்ளோடு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஏரியில் பறவைகள் சரணாலயம் இருப்பதும், 2022-ல் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் பலருக்குத் தெரியும். கூடு கட்டியிருக்கிற பறவைகள் பயந்து போய்விடக் கூடாது என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வருடா வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் அதுவும் ஒரு சின்னச் செய்தியாக வரும், அதோடு சரி. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கை பரபரக்காதா, மத்தாப்பும் சங்குசக்கரமும் போதுமா, தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை என்ன சொல்லிச் சமாதானம் ஆனார், இதையெல்லாம் யாரும் போய்க் கேட்டு எழுதியதாக எங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தீபாவளி ராத்திரியை அங்கேயே வளர்ந்த ஒரு பிள்ளை கலர் பென்சிலில் வரைந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? மாதம் ஒரு முறை நாங்கள் கொண்டுவரப் போகிற தாளின் முதல் இதழுக்கு அதைத்தான் கேட்டிருக்கிறோம்.

நல்ல கதை என்றதும் எல்லாம் சுபம், எல்லோரும் சிரிக்கிறார்கள் என்கிற மாதிரி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். அந்த மாதிரிக் கதை படிக்க எங்களுக்கே பொறுமை கிடையாது. நம் கொங்குப் பக்கத்துப் பாட்டுக்கதையான அண்ணன்மார் கதையைப் பாருங்கள், அண்ணன் தம்பிகளான பொன்னரும் சங்கரும் கடைசியில் சாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அண்ணன்மார் கோயில் நோம்பியில் படுகளம், அதாவது போரில் விழுந்து கிடக்கிற காட்சி, நடக்கும்போது, விழுந்து கிடக்கிறவர்களை எழுப்புகிற அந்த நேரத்துக்காகத்தான் கூட்டம் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறது. விழுந்ததை மறைக்காமல் சொல்லி, அப்புறம் எழுந்ததையும் சொல்வது. எங்கள் அளவில் நல்ல கதைக்கு அதுதான் இலக்கணம். கடனில் மூழ்கித் தறியை விற்ற குடும்பம் அடுத்து என்ன செய்தது என்பதும் அதில் வரும். வேலை போனதும் வரும், குடியை விட்டதும் வரும், விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டு மறுபடி விட்டதும் வரும்.

அதே அண்ணன்மார் கதையை 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில், வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து தங்கியிருந்த பிரெண்டா பெக் என்கிற அம்மா, பாடகர்கள் உடுக்கை அடித்துப் பாடப் பாட, பல ராத்திரிகள் உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்தார். இன்றைக்கு அந்தக் குரல்கள் நமக்கு இருப்பதற்கு அவர்தான் காரணம். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வந்து செய்ததை, எல்லோர் கையிலும் போன் இருக்கிற காலத்தில் நாம் செய்யாமல் இருக்கிறோம். உடுக்கைப் பாட்டுக்காரர்கள் இப்போது எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள், கல்யாணத்தில் கொங்கு மங்கல வாழ்த்தை மனப்பாடமாக முழுக்கச் சொல்கிறவர்கள் யார் யார் என்று விசாரித்து, நல்ல மைக் வைத்துப் பதிவு செய்து, கேட்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். இதைத் தள்ளிப் போட முடியாது, எல்லோருக்கும் வயதாகிவிட்டது.

வயது என்றதும் ஞாபகம் வருகிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் அய்யா வள்ளி ஒயில் கும்மியைக் காலமெல்லாம் கற்றுக் கொடுத்தவர், ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் பெண்களையும் இறக்கி ஆடவைத்தவர். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். இன்றைக்கு மண்டப விசேஷம் என்றால் வள்ளிக்கும்மி இல்லாமல் நடப்பதில்லை, சின்னப் பிள்ளையிலிருந்து அமுச்சி வரைக்கும் ஒரே கலர்ப் புடவையில் வரிசையில் நிற்கிறார்கள். கை கொடுத்தால் ஒரு கலை எப்படித் திரும்பி வரும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சாட்சி இருக்கிறது.

நம்மிடம் கலைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு அண்ணன் கேட்டார். இந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கலாமா அதை? பெட்ஷீட்டில் மயில் வர வேண்டும் என்றால் அதை முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, எந்த இழை மேலே வரும் எந்த இழை கீழே போகும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் முடிவு செய்து, ஊடை (குறுக்கு இழை) ஒன்றுக்கு ஓர் அட்டை என்ற கணக்கில், தறிக்கு டிசைனைச் சொல்லிக் கொடுக்கிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்த வேண்டும். இதைச் செய்துவிட்டு, தான் வரைந்தது படம் என்றே நினைக்காமல் கூலியை வாங்கிக்கொண்டு போன மனிதர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நாங்கள் கூடமாக மாற்றப் போகிற பட்டறையின் பரணில் நூல் கட்டிய பழைய அட்டைக் கட்டுகள் இன்னும் கிடக்கின்றன, எலி கொஞ்சம் தின்றுவிட்டது. அவற்றைச் சுத்தம் செய்து சுவரில் மாட்டி, பக்கத்திலேயே அந்தந்த அட்டையில் நெய்த துணியையும், வரைந்தவர் பெயரையும் எழுதி வைக்கலாம் என்று இருக்கிறோம்.

பெயர் எழுதுவது பெரிய விஷயமா என்றால், பெரிய விஷயம்தான். பக்கத்து அறச்சலூர் மலைக் குகையில் இருக்கிற இசைக் கல்வெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? த, தை, தா, தே என்று எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டமாக, இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழே படித்தாலும் ஒன்று போல வருகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். 1,500 வருடங்களுக்குக் குறையாத பழசு. அதைச் சேர்த்துக் கட்டியவன் தேவன் சாத்தன் என்று பெயரும் வெட்டியிருக்கிறது. பெயர் இருப்பதால் அவன் இன்றைக்கும் நமக்கு ஓர் ஆளாக இருக்கிறான். மயிலை வரைந்த நம் ஊர் ஆளுக்கு அது கூட இல்லை.

சரி, கூடத்தில் என்ன நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வரைகிற வகுப்பு, கட்டணம் இல்லை. திருப்பூரில் வெட்டி மிஞ்சுகிற பனியன் துணியைக் கொடுப்பதாக இரண்டு கம்பெனிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதன் மேல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிள்ளைகளின் படங்களை அச்சடித்துப் பஸ் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூடங்களிலும் ரேஷன் கடைப் பக்கத்திலும் அனுமதி வாங்கி மாட்டுவோம், கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை நாலு பக்கத் தாள் ஒன்று, 500 பிரதி, டீக்கடைகளுக்கும் தறிப்பட்டறைகளுக்கும் சலூன்களுக்கும் இலவசம். சனிக்கிழமை ராத்திரி கதை சொல்லல், கூலி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உட்காருவதற்கு அந்த நேரம்தான் தோதுப்படும். பெண்கள் பகல் நேரம் கேட்டிருக்கிறார்கள், புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு மட்டும் ஒதுக்கியாகிவிட்டது, அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று தனியாக ஒரு தீர்மானமே போட்டிருக்கிறோம்.

கட்சி, சாதிச் சங்கம், ரசிகர் மன்றம் எதுவும் உள்ளே கிடையாது. தாளில் தனிப்பட்ட ஆளைப் புகழ்ந்து காசு வாங்கிக்கொண்டு போடுவதும் கிடையாது. எந்தச் சாதிக்காரர் கதை, எந்த வளவுக்காரர் கதை என்று பார்த்து எடுக்க மாட்டோம். வடமாநிலங்களிலிருந்து வந்து சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற தம்பிகளும் நம் ஊர்தான், அவர்கள் வரைந்தாலும் சுவரில் இடம் உண்டு.

கூடத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மூன்று கூட்டமும் அந்தச் சண்டையிலேயே போய்விட்டது, அதனால் இப்போதைக்கு ரசீதுப் புத்தகத்தில் "கூடம் அமைப்புக் குழு" என்று மட்டும் இருக்கும். பெயரை நன்கொடை கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். ரூபாய் ஐம்பது கொடுத்தாலும் ஒரு ஓட்டு, ஐம்பதாயிரம் கொடுத்தாலும் ஒரு ஓட்டு.

இனிக் கணக்கு. பட்டறையின் உரிமையாளர் பெரியவர், தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு மனசு வராமல் கட்டடத்தை மட்டும் வைத்திருந்தவர், பத்து வருடத்துக்கு வாடகை இல்லாமல் கொடுத்திருக்கிறார். வாய்வார்த்தையில் விடவில்லை, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் முறைப்படி பதிந்தாகிவிட்டது, பிற்பாடு வாரிசுகளுக்கும் நமக்கும் மனஸ்தாபம் வரக் கூடாது. செலவில் பெரியது கூரை. சிமெண்ட் சீட் பாதிக்கு மேல் விரிசல், கம்பியும் துரு, எல்லாவற்றையும் மாற்ற 1,85,000. அடுத்தது கழிப்பறை இரண்டும் தண்ணீர்த் தொட்டியும், 1,40,000. இதைக் குறைக்கச் சொல்லிச் சிலர் சொன்னார்கள், குறைக்க மாட்டோம், கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்களை வரச் சொல்வது நியாயமில்லை. புரொஜெக்டர், மைக், பதிவுக் கருவி எல்லாம் சேர்த்து 90,000. பழைய ஒயரைப் பிடுங்கிப் புது ஒயரிங், லைட், ஃபேன் 70,000. ஒரு வருடத்துக்குத் தாள் அச்சடிக்க 60,000, பிரிண்டிங் மேசையும் ஃபிரேம்களும் 45,000, பாய், பெஞ்சு, அலமாரி 30,000. கை இருப்புக்கு 20,000.

பணம் மூன்று பேர் பெயரில் உள்ள கூட்டுக் கணக்கில் போகிறது, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையிலும் பட்டறைக் கதவிலும் எழுதியிருக்கிறது. வேறு யாராவது போனில் கூப்பிட்டு எங்கள் பெயரைச் சொல்லி எண் கொடுத்தால் அனுப்பிவிடாதீர்கள், உங்களுக்கு முகம் தெரிந்த குழு உறுப்பினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். வரவு செலவை மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டில் வரிவரியாக எழுதிக் கூடத்திலேயே வைத்திருப்போம், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். இன்னொன்று, வருமான வரியில் நன்கொடைக்கான கழிவு (80ஜி என்று சொல்லிப் பழகியது) இப்போதைக்குக் கிடைக்காது. டிரஸ்ட் பதிவு செய்து, அதற்கு அப்புறம்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். வரிக் கழிவு கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் அதுவரை பொறுத்திருந்து கொடுங்கள், அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் வரும், தொகை போட மாட்டோம். ஃபேன் வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்று இறக்கையிலும் உபயம் எழுதச் சொல்லக் கூடாதுங்க, இப்போதே சொல்லிவிடுகிறோம்.

பணமாகத்தான் வேண்டும் என்று இல்லை. கொத்தனார், எலக்ட்ரீசியன், பெயிண்டர் யாராவது ஒரு நாள் வேலையைக் கொடுத்தால் அதற்கும் ரசீது போடுவோம். வீட்டில் சும்மா கிடக்கிற நல்ல பெஞ்சு, சுவர்க் கடிகாரம், மிச்சமான பெயிண்ட் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே டெம்போ வைத்து எடுத்துக்கொள்கிறோம். பழைய துணி, உடைந்த கம்ப்யூட்டர் மட்டும் தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே ஒரு மூலை நிறைந்துவிட்டது. கதை இருக்கிறவர்கள் கதையைக் கொடுங்கள். எழுத வராது என்றால் வந்து சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், எழுதியதை உங்களிடம் படித்துக் காட்டி நீங்கள் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போகும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பரணில் இருக்கிற அட்டைக் கட்டுகள் இந்த வருடத்தோடு போய்விடும். அதனால் கூரைக்கான பணம் மட்டும் அவசரம், மற்றதைத் தவணையாகவும் கொடுக்கலாம். தைப்பூசத் தேருக்கு நீங்கள் ஒறம்பரையோடு ஊருக்கு வரும்போது கூடம் திறந்திருக்க வேண்டும் என்று திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து பட்டறையில்தான் இருப்போம். கொடுப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் அப்போது வாருங்கள், டீ உண்டு, கூரை எங்கெங்கே ஒழுகுகிறது என்பதையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கூடம் அமைப்புக் குழு,
சென்னிமலை