வியன்னாவில் ஸ்கார்ஃப் கட்டித் தந்தவருக்கு

உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். ஊர் திரும்பியதிலிருந்து அதுதான் மனதை உறுத்துகிறது.

மூன்று நாள் விடுமுறையில் அம்மாவோடு வியன்னா வந்திருந்தேன். சனிக்கிழமை மாலை இசை நாடக அரங்கான அரசு ஆபெராவில் நின்று பார்க்கும் டிக்கெட். அம்மாவுக்கு முழங்கால் வலி. தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நகர்ந்தால் இடம் போய்விடுமே என்று கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பக்கத்தில் நின்ற நீங்கள் கழுத்திலிருந்த ஊதா ஸ்கார்ஃபை அவிழ்த்து, அந்தக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டீர்கள். "துணி கட்டினால் இடம் உங்களுடையது, போய் உட்காருங்கள்." அங்கே அதுதான் வழக்கமாம். திரும்பி வந்தபோது இடம் அப்படியே இருந்தது.

1945 குண்டுவீச்சில் எரிந்த அரங்கம் 1955இல்தான் மறுபடி திறக்கப்பட்டது என்று இடைவேளையில் சொன்னீர்கள். அப்புறம், கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓவியர் புரூகலின் அறையைத் தவறவிடாதீர்கள் என்றீர்கள். மறுநாளே போனோம். 1565இல் வரைந்த அந்தப் பனிக்கால வேட்டைக்காரர்கள் ஓவியத்தின் முன்னால் அம்மா வெகுநேரம் இருந்தார். உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் குட்டிக் குட்டி உருவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

ஸ்கார்ஃபைத் திருப்பித் தந்தபோது அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. ரொம்ப ரொம்ப நன்றி.