வகுப்பறைக்குள் குளோரின் வாடை எதற்கு? பாலர் பள்ளி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பஹாவ் பட்டணத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் பாலர் பள்ளி நடத்துவோருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

காலையில் பிள்ளைகளை வாசலில் நிறுத்திக் கையிலும் சட்டையிலும் கிருமிநாசினி அடிக்கும் பழக்கம் 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. ஆட்களின் மேல் கிருமிநாசினி தெளிக்கவே கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு மே மாதமே சொல்லிவிட்டது. ஆனாலும் சில இடங்களில் பழக்கம் இன்னும் விடவில்லை. மேசை, பொம்மை, தரை, காலணி அடுக்கு என்று நாளுக்கு மூன்று நான்கு தடவை தெளிக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் குளோரின் வாடையைப் பெற்றோரும் சுத்தத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். கை கழுவும் தொட்டியில் சவர்க்காரம் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

சுத்தம் அதிகமானால் உடம்புக்குக் கெடுதலா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதையோ, கழிப்பறையைத் தேய்த்துக் கழுவுவதையோ குறைக்க ஒரு காரணமும் இல்லை. கண்ட இடத்தில் கண்ட அளவில் மருந்து தெளிப்பதால் கெடுதல் வரும். பிள்ளையை மண்ணிலிருந்தும் செடிகொடியிலிருந்தும் ஒரேயடியாகப் பிரித்து வைப்பதாலும் வரும். இந்த இரண்டையும் நிறுத்தச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மண். 1958-இல் பிரிட்டனில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்த நோய்ப்பரவல் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராக்கன், அண்ணன் அக்காமார் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மூக்கில் நீர் வடியும் ஒவ்வாமை குறைவு என்று 1989-இல் எழுதினார். சின்ன வயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிய நோய்கள் அவர்களைப் பாதுகாத்திருக்கலாம் என்பது அவருடைய யூகம். அதுதான் வாய்வழியாகப் பரவி, 'பிள்ளைக்கு நாலு நோய் வந்தால் நல்லது' என்று திரிந்துபோனது. பிற்கால ஆய்வுகள் அந்த யூகத்தைத் திருத்திவிட்டன. தட்டம்மை வந்தால் ஒவ்வாமை வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. மண்ணிலும் மாட்டுத் தொழுவத்திலும் நம் குடலிலும் காலங்காலமாக வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்களோடு பழகித்தான் எதிர்ப்புச் சக்தி எதை எதிர்ப்பது, எதை விட்டுவிடுவது என்று கற்றுக்கொள்கிறது. நுண்ணுயிர் ஆய்வாளர் கிரஹாம் ரூக் 2003-இல் அவற்றைப் 'பழைய நண்பர்கள்' என்றார்.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவை. உணவும் வாழ்க்கை முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆமிஷ் குடும்பங்களுக்கு வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. ஹட்டரைட் பண்ணைகளோ இயந்திரம் ஓடும் பெரிய பண்ணைகள். சிறு பிள்ளைகள் அங்கே போவதில்லை. 2016-இல் வந்த ஆய்வு இவர்களை ஒப்பிட்டது: ஆமிஷ் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா, ஹட்டரைட் பிள்ளைகளில் 21 விழுக்காட்டினருக்கு. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் மாடும் கோழியும் இருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் குடியிருப்பு வீடுகளில் சிமெண்டுத் தரையிலேயே வளர்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும்.

அதற்காக லயத்துக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். உருண்டைப்புழுவும், கொக்கிப்புழுவும் அது தந்த இரத்தசோகையும் அதே மண்ணில் கிடைத்தவைதான். ஆகவே நல்ல மண்ணைத் தேடிக் கொடுக்க வேண்டும். பின்லாந்தில் 2020-இல் வந்த ஆய்வில், பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து போட்டார்கள். பிள்ளைகள் நடவும் தோண்டவும் செய்தார்கள். 28 நாளில் அவர்களின் தோலிலிருந்த நுண்ணுயிர் வகைகள் கூடின. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் குறிகளும் மேம்பட்டன. நம் பள்ளிகளில் இதற்குப் பெரிய செலவு இல்லை. முழங்கால் உயரத்தில் நாலு மரப்பெட்டி, பையில் விற்கும் தோட்ட மண், வெண்டை விதை, தண்டுக்கீரை விதை போதும். செம்பனை வரிசைக்குள்ளிருந்து மண் அள்ளாதீர்கள். களைக்கொல்லியும் எலிப் பாஷாணமும் அங்கே விழுந்திருக்கும். பச்சைக் கோழி எரு வேண்டாம், அதில் சால்மொனெல்லா இருக்கலாம். நன்றாக மக்கிய எருவைப் போடுங்கள். பூனை வந்து அசுத்தம் செய்யாமலிருக்க மாலையில் வலை போட்டு மூடுங்கள். கொக்கிப்புழுவின் குட்டி பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதால் பிள்ளைகள் சிலிப்பரைக் கழற்றக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த வடிகால் ஓரம் விளையாட்டு இடமே அல்ல. நகத்தை ஒட்ட வெட்டி, விளையாடி முடித்ததும் சவர்க்காரத்தால் கை கழுவ வையுங்கள்.

கை கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாசலில் ஆல்கஹால் ஜெல் வைத்தால் போதும் என்ற எண்ணம் பாலர் பள்ளியில் செல்லாது. கொரோனா கிருமிக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைச் சிதைத்துவிடும். கை, கால், வாய்ப்புண் நோயைத் தரும் எண்டெரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. 1997-இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரைப் பறித்த நோய் அது. கொப்புளம் ஆறிப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளையின் மலத்திலும் பல வாரங்களுக்குக் கிருமி வெளியேறும். அதைக் கையிலிருந்து அகற்றுவது நுரையும் ஓடும் தண்ணீரும்தான். கழிப்பறைக்குப் போய்வந்ததும், சாப்பிடுமுன், மூக்கைச் சிந்தியதும், மண்ணில் விளையாடியதும் 20 விநாடி தேய்க்க வேண்டும். விரலிடுக்கும் கட்டைவிரலும் விடுபடக் கூடாது. அழுத்தும் போத்தலில் சவர்க்காரம் தீரத் தீர மேலேயே ஊற்றினால் அடியில் பாக்டீரியா வளரும். காலியானதும் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே குட் மார்னிங் துண்டு தொங்கினால் கழுவியது வீண். ஆளுக்கொரு துண்டு, பெயர் எழுதி, ஒன்றோடொன்று உரசாமல் மாட்டுங்கள்.

இனி குளோரோக்ஸ் என்னும் வெளுப்புத் திரவம். போத்தலில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட், பெரும்பாலும் 5 விழுக்காட்டை ஒட்டி, லேபிளில் பாருங்கள். சாதாரண நாளில் மேசைக்கும் தரைக்கும் சவர்க்காரத் தண்ணீரே போதும். நோய் பரவும் நாளில்தான் குளோரோக்ஸ் வேண்டும். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டி. வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு 900 மில்லி தண்ணீரில் 100 மில்லி. சுடுதண்ணீர் ஊற்றினால் மருந்து சிதைந்துவிடும். முதலில் கையுறை போட்டு அழுக்கை வழித்தெடுத்து, சவர்க்காரத்தால் கழுவி, அதன் பிறகு துணியில் நனைத்துப் பூசி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். வாயில் வைக்கும் பொம்மையைக் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிசுக்குள்ள மேசையில் நேராகத் தெளித்தால் மருந்தின் சக்தி பிசுக்கோடு போய்விடும். தெளித்த கையோடு துடைத்தால் கிருமி சாக நேரமில்லை. நாளுக்கு நான்கு தடவை தெளித்தும் நோய் நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும்.

மாப்பையும் பாருங்கள். கழிப்பறை துடைத்த மாப்பு வகுப்பறைக்கு வந்தால், இரவெல்லாம் வாளிக்குள் ஈரமாகக் கிடந்த மாப்பு மறுநாள் தரையில் ஓடினால், துடைக்கத் துடைக்கக் கிருமிதான் பரவும். இரண்டு நிறத்தில் இரண்டு மாப்பு வாங்கி, பிழிந்து வெயிலில் தலைகீழாக நிறுத்துங்கள்.

தோல் வறண்டு சொறியும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி கலப்பதைப் பெற்றோர் நிறுத்தட்டும். தோலின் இயல்பு இலேசான அமிலம். காரமான சவர்க்காரமும் கிருமிநாசினியும் அதன் கொழுப்பைக் கழுவிவிடுவதால் வெடிப்பு வழியே எரிச்சலூட்டும் பொருளும் ஒவ்வாமைப் பொருளும் உள்ளே போகின்றன. மென்மையான சவர்க்காரத்தால் ஐந்து பத்து நிமிடக் குளியல், ஈரம் காயுமுன் வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி போதும்.

உங்கள் பள்ளியில் சுத்தம் செய்யும் அக்காவை நினைத்துப் பாருங்கள். அவர்தான் நாள் முழுக்க இதைச் சுவாசிக்கிறார். 2018-இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டோரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்துவந்த பெண்களின் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. தெளிப்பானை எடுத்துவிட்டு அவர் கையில் வாளியும் துணியும் கொடுங்கள். கையுறை வாங்கிக் கொடுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகள் போன பிறகு செய்யச் சொல்லுங்கள்.

அவருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று: குளோரோக்ஸோடு எதையும் கலக்கக் கூடாது. ஆசிட் உள்ள கழிப்பறைத் திரவத்தோடும் வினிகரோடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியாவோடு சேர்ந்தால் குளோராமின். சிறுநீர் தேங்கிய கிண்ணத்தில்கூட முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே ஊற்ற வேண்டும். கண் எரிந்து இருமல் வந்தால் வாளியை எடுக்க நிற்காமல் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய விஷ மையத்தின் எண்ணைக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால், அக்காவின் கண் படும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
பஹாவ் வட்டாரத்தில் தாதிமை, மருந்தகம், துப்புரவுப் பயிற்சித் துறைகளில் பணிபுரிவோர் சிலர்